உப்போடு சர்க்கரை சேர்ந்த கதை

ஆஷாட ஏகாதசியை முன்னிட்டு ஞானேஸ்வரர், துக்காராம் பல்லக்குகள் புனேயில் தங்கிப் பண்டரிபுரம் நோக்கிப் புறப்படுகின்றன. வழிநெடுக உள்ள மருத்துவ முகாம்களில் ஓஆர்எஸ் பொட்டலங்கள் காத்திருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தகைய யாத்திரைகளோடு காலராவும் கூடவே நடந்தது. அந்தச் சிறு பொட்டலத்தின் வரலாறு, செல் சவ்வை மனிதன் புரிந்துகொண்ட வரலாறும் ஆகும்.

சவ்வின் எப்பக்கம் கரைபொருள் செறிந்திருக்கிறதோ, அப்பக்கம் நீர் நகரும். இதுவே சவ்வூடு பரவல். காலரா நச்சு குடல் செல்களைக் குளோரைடு அயனிகளை வெளியேற்றச் செய்கிறது. சோடியமும் நீரும் பின்தொடர்கின்றன. சில மணி நேரத்தில் உடல் வற்றிவிடுகிறது. வெறும் நீரையோ உப்புநீரையோ குடித்து இழப்பை ஈடுசெய்ய இயலாது.

கொல்கத்தா மருத்துவர் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி 1953இல் 'லான்செட்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். வயிற்றுப்போக்கைக் கட்டுப்படுத்தக் கற்பூரவல்லிச் சாறு; நீரிழப்புக்கு, ஒரு லிட்டர் நீரில் 4 கிராம் உப்பும் 25 கிராம் குளுக்கோசும். 186 நோயாளிகள் இவ்வழியில் தேறினர். ஆயினும் மருத்துவ உலகம் அதைப் பெரிதாகக் கருதவில்லை. உட்கொண்ட நீரையும் வெளியேறிய நீரையும் அவர் அளந்து ஒப்பிட்டிருக்கவில்லை. சர்க்கரை ஏன் உதவுகிறது என்பதற்கும் அன்று விளக்கமில்லை.

அவ்விளக்கம் 1960இல் பிராக் நகரில் வந்தது. குடல் சவ்வில் சோடியமும் குளுக்கோசும் ஒரே கடத்தியின் வழியே இணைந்து உள்ளே செல்கின்றன என்றார் ராபர்ட் கிரேன். அவை சென்றால் நீரும் செல்லும். காலராவிலும் இவ்வழி அடைபடுவதில்லை என்பதை 1968இல் டாக்காவில் டேவிட் நாலினும் ரிச்சர்ட் கேஷும் நோயாளிகளிடம் அளந்து காட்டினர்.

1971இல் வங்கதேசப் போரின் அகதிகள் குவிந்த வனகாவில் சிரைவழி ஏற்றும் உப்புநீர் தீர்ந்துகொண்டிருந்தது. திலீப் மஹலனபிஸ், லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா கலந்து உறவினர் கையிலேயே கொடுத்துப் புகட்டச் செய்தார். 30 விழுக்காடு வரை இருந்த இறப்பு 3.6 விழுக்காடாகக் குறைந்தது.

சட்டர்ஜியின் கலவைக்கும் மஹலனபிஸின் கலவைக்கும் பெரிய வேறுபாடில்லை. இடையில் கடந்தவை பதினெட்டு ஆண்டுகள். அளவீடு இல்லாத கண்டுபிடிப்பை ஐயுறுவது அறிவியலின் இயல்பு; ஆனால் ஐயுற்றதோடு நிற்காமல் யாரேனும் உடனே அளந்து பார்த்திருந்தால் எத்தனை உயிர்கள் எஞ்சியிருக்கும்! ஆய்வேடு எழுதும் நமக்கு அந்தப் பதினெட்டு ஆண்டுகள் நினைவில் இருக்க வேண்டும்.