குறியில்லாத பழம்

சிங்கப்பூரின் டோபி காட் இன்று மூன்று ரயில் தடங்கள் கூடும் நிலையம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவ்விடத்து ஓடையில் இந்தியச் சலவைத் தொழிலாளர்கள் துணி வெளுத்ததால் வந்த பெயர் அது. நம் நாட்டில் அத்தொழிலுக்கு ஆதாரமே குறிதான். துணியோரத்தில் சேங்கொட்டைச் சாற்றால் இட்ட கறுப்புக் குறி எத்தனை வெளுப்புக்கும் போகாது; கலந்து கிடக்கும் மூட்டையிலிருந்து ஒவ்வொரு துணியும் தன் வீடு போய்ச் சேரும். அந்தச் சேங்கொட்டையின் தாவரக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் மாமரம். டோபி காட்டுக்கு அடுத்த நிறுத்தமான லிட்டில் இந்தியாவில் இறங்கினால் தேக்கா சந்தை. மாம்பழம் வாங்குபவர்கள் காம்பை முகர்ந்து, தோலை அழுத்திப் பார்த்துத் தேர்கிறார்கள். ஆனால் மாம்பழத்தின் ஒரு குறைக்கு மட்டும் வெளியே குறியே கிடையாது.

மாங்கொட்டைக் கூன்வண்டு இளங்காயின் தோல்மேல் முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து வெளிவரும் புழு சதையைத் துளைத்து, ஓடு முற்றாத கொட்டைக்குள் புகுந்துவிடும். காய் பருக்கப் பருக்க அது போன வழி தூர்ந்துவிடும். மாம்பழத்துக்குள் வண்டு எப்படிப் போனது என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்கும் கேள்விக்கு விடை இதுதான். சதை பெரும்பாலும் கெடுவதில்லை. ஆனால் உயிரோடு கடல் தாண்டும் வண்டு பழம் வாங்கும் நாட்டுத் தோப்புகளில் பரவலாம் என்ற அச்சம் நியாயமானது. இந்த வண்டையும் பழ ஈக்களையும் காரணம் காட்டித்தான் அமெரிக்கா பல ஆண்டுகள் இந்திய மாம்பழத்துக்குக் கதவடைத்தது. நம்பகமான சோதனை, சில பழங்களைக் கொட்டையோடு பிளந்து பார்ப்பது. அது பிளந்த பழத்தைப் பற்றி மட்டுமே சொல்லும்; அந்தப் பழமோ விலைபோகாது.

அறுக்காமல் உள்ளே பார்க்க வேண்டும் என்ற மருத்துவர்களின் தேவையை 1895-ல் ரான்ட்கன் கண்ட எக்ஸ்ரே கதிர் தீர்த்துவைத்தது. 1950-ல் அமெரிக்காவின் கான்சாஸ் ஆய்வாளர்கள் கோதுமை மணிக்குள் ஒளிந்த பூச்சிகளை எக்ஸ்ரே படத்தில் காட்டினார்கள். 1995-ல் மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பால் தாமஸ் குழு, வண்டு புகுந்த மாம்பழத்தை அதே முறையில் அடையாளம் காட்டும் ஆய்வை வெளியிட்டது. அடர்ந்த பருப்பு கதிரைத் தடுக்கும். புழு அரித்த குழி தடுக்காது. அதனால் படத்தில் நல்ல கொட்டை சீரான சாயலோடு நிற்க, அரித்த இடம் தனித்துத் தெரியும். பின்னாளில் ஜப்பானில் ஆப்பிளுக்குள் இருக்கும் புழுவுக்கு எம்ஆர்ஐ கருவியையும் பயன்படுத்திப் பார்த்தார்கள்.

வணிகமோ வேறு வழியில் போனது. 2007-ல் அமெரிக்கா கதவைத் திறந்தபோது கேட்டது படத்தையல்ல, குறைந்தது 400 கிரே அளவு கதிர்வீச்சை. நாசிக் அருகே லாசல்காவ் மையம் அந்த வேலையைச் செய்தது. அக்கதிர் பூச்சியைப் பெருகவிடாது. எந்தப் பழத்தில் பூச்சி இருந்தது என்றும் சொல்லாது. ஏற்றுமதிக்கு அது போதும்; தோப்புக்குப் போதாது, எக்ஸ்ரே படமும் வேண்டும் என்பதே என் வாதம். முட்டையும் இளம்புழுவும் படத்தில் சிக்காதே என்பார்கள். பழ ஈக்கு அது சரியான மறுப்பு. கூன்வண்டோ, அறுவடை நேரத்தில் பெரும்பாலும் கொட்டையை அரித்து வளர்ந்திருக்கும். செலவு அதிகம் என்பதும் உண்மைதான். ஒவ்வொரு பழத்தையும் படமெடுக்கச் சொல்லவில்லை. இன்று பிளந்து வீணாக்கும் மாதிரியைப் படமெடுத்தால், பழம் வீணாகாது, மாதிரியையும் பெருக்கலாம். இவ்வண்டுக்கு ஆண்டுக்கு ஒரு தலைமுறைதான்; தானாக வெகுதூரம் பறந்து பரவுவதும் இல்லை. எந்தத் தோப்பில் இருக்கிறது என்று இவ்வாண்டு தெரிந்தால், உதிர்ந்த பழங்களையும் கொட்டைகளையும் பொறுக்கி அழித்து அடுத்த ஆண்டுக் காயைக் காக்கலாம். சேங்கொட்டைக் குறி துணியை அதன் வீட்டுக்குத் திருப்பி அனுப்பியது. படத்தில் தெரியும் குழியும் அப்படியே தான் வந்த தோப்புக்குச் சேதி கொண்டுபோக வேண்டும்.