டிங்லிங் நிலவறைக் கல்லறை
பெய்ஜிங்கிற்கு வடக்கே மிங் வம்சப் பேரரசர்கள் 13 பேரின் கல்லறைகள் உள்ளன. அவற்றுள் நிலவறை அகழப்பட்டது வான்லி பேரரசரின் (ஆட்சிக்காலம் 1572–1620) டிங்லிங் மட்டுமே. அறிஞர்கள் முதலில் தோண்ட விரும்பியது யோங்லே பேரரசரின் சாங்லிங்கை. டிங்லிங் அதற்கு ஒத்திகைதான். 1956இல் தொடங்கிய அகழாய்வு 1958இல் முடிந்தது.

பயணிகள் படியிறங்கிச் சென்று, சுமார் 27 மீட்டர் ஆழத்திலுள்ள கல்மண்டபங்களைக் காணலாம். வெண்பளிங்கு அரியணைகள் பழையவை. பலரும் நின்று பார்க்கும் மூன்று சிவப்புச் சவப்பெட்டிகளோ பிற்காலத்தில் செய்து வைத்தவை. பட்டாடைகளைப் பாதுகாக்கும் முறை அன்று போதாமையால் அவை நிறமிழந்து நொறுங்கின. 1966இல் பண்பாட்டுப் புரட்சியின்போது, செங்காவலர்கள் பேரரசர், இரு பேரரசியர் ஆகியோரின் எலும்புகளை வெளியே இழுத்து எரித்தனர். ஈடுசெய்ய முடியாத இழப்பு இது. சாங்லிங்கின் நிலவறை இன்றும் திறக்கப்படவில்லை.