கைமாறிய நூல்கள்: தமிழரின் அக்கம்பக்கத்து வாசிப்பும் பரிந்துரையும் (1880–1990)

ஆய்வுப் பொருள்

தமிழ் நூல்களின் வரலாறு பெரும்பாலும் ஆசிரியர், பதிப்பாளர், அச்சகத்தார் ஆகியோரைச் சுற்றியே எழுதப்பட்டுள்ளது. வாசகர் இந்த வரலாற்றில் நுழைந்தது பிற்காலத்தில்தான். ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘நாவலும் வாசிப்பும்’ வாசகரை நடுவில் நிறுத்திய முக்கியமான ஆய்வு. கூட்டமாக உட்கார்ந்து உரக்கப் படிக்கும் வழக்கம் தனியே மௌனமாகப் படிக்கும் வழக்கத்துக்கு இடம் விட்ட மாற்றத்தை அந்நூல் விளக்கிக் காட்டியது. அதன் தொடர்ச்சியாக இக்கட்டுரை எழுப்பும் கேள்வி ஒன்றுதான். ஒருவர் வாங்கிய நூல் இரண்டாமவர் கைக்கு எப்படிப் போனது? ‘இதைப் படியுங்கள்’ என்று சொல்லும் உரிமை யாருக்கு இருந்தது?

மௌன வாசிப்பு வந்ததும் கூட்டு வாசிப்பு அழிந்துவிட்டது என்ற எண்ணம் பரவலாக உண்டு. கிடைக்கும் சான்றுகள் வேறு விதமாகப் பேசுகின்றன. படிப்பது தனிமைக்குப் போனது. என்ன படிப்பது என்ற முடிவு அக்கம்பக்கத்திலேயே தங்கிவிட்டது. கேட்போர் வட்டமாக இருந்தது இரவல் வட்டமாகி, பிறகு விவாத வட்டமாக மாறியது. இந்த மாற்றத்தையும், வட்டத்துக்கு உள்ளே யார் வந்தார், வெளியே யார் நின்றார் என்பதையும் கீழ்வரும் பகுதிகள் தொடர்கின்றன.

கும்பகோணம், 1880

ஒரு பரிந்துரை தமிழ் இலக்கிய வரலாற்றையே திருப்பியதற்கு நன்கு அறியப்பட்ட சான்று உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்த அவர், அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், தலபுராணம் என்று சாமிநாதையர் அடுக்குகிறார். முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் போன்ற பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டு, தம்மிடமிருந்த சிந்தாமணிப் படியையும் கொடுத்து அனுப்புகிறார்.

இதன் அடுத்த கட்டம் நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. சமண நூலான சிந்தாமணியில் வரும் சமயக் கருத்துகள் சாமிநாதையருக்குப் பிடிபடவில்லை. அதே ஊரில் வாழ்ந்த சமணர் வீடுகளுக்குப் போகிறார். அங்கே சிந்தாமணி வழிவழியாகப் படித்துக் கேட்கப்படும் நூல். அதைப் படித்து முடித்ததை விழாவாகக் கொண்டாடும் வழக்கமும் அவர்களிடம் இருந்தது. சந்திரநாத செட்டியார் முதலிய சமண அன்பர்கள் ஐயங்களைத் தீர்த்துவைத்தார்கள். 1887இல் வெளிவந்த சிந்தாமணிப் பதிப்புக்கு ஏடுகள் எவ்வளவு முக்கியமோ, அந்த வீட்டுத் திண்ணைகளும் அவ்வளவு முக்கியம்.

இந்நிகழ்ச்சியில் இரண்டு செய்திகள் உள்ளன. தமிழறிஞர் உலகம் மறந்திருந்த ஒரு நூல், சில தெருக்கள் தள்ளி ஒரு சிறு சமூகத்தின் அன்றாட வாசிப்பில் உயிரோடு இருந்தது. ஆனால் அது அந்தத் தெருவை விட்டு வெளியே வர, வேறு தெருவைச் சேர்ந்த ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது. அச்சு வருவதற்கு முன்பும், வந்து நெடுநாள் ஆன பின்பும், நூல்களின் புழக்கத்துக்குச் சாதியும் சமயமும் எல்லை வகுத்தன.

கேட்போர் வட்டமும் பெண்களும்

மழை வேண்டி விராட பருவம் படிப்பது, கோயில் முன்பு பாரதம் படிப்பது, பெரிய எழுத்துக் கதைகளை இரவில் ஒருவர் ராகம் போட்டுப் படிக்க மற்றவர்கள் கேட்பது ஆகியவை இருபதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்தன. பெரிய எழுத்து நூல்கள் விளக்கு வெளிச்சத்தில் படிக்கத் தோதாக அச்சடிக்கப்பட்டவை. வாங்குபவர் ஒருவர், கேட்பவர் பலர் என்பதே அவற்றின் சந்தைக் கணக்கு.

பெண்களின் நிலையை வை. மு. கோதைநாயகியின் வாழ்க்கை துலக்குகிறது. பள்ளிக்குப் போகாமல், சிறுவயதிலேயே மணமாகித் திருவல்லிக்கேணிக்கு வந்த அவர், அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் கதை சொல்லிப் பெயர் பெற்றார். எழுதத் தெரியாத நிலையில் அவர் வாயால் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதிக் கொடுத்ததே அவருடைய முதல் நாடகமான ‘இந்திரமோகனா’. 1925இல் ‘ஜகன்மோகினி’ இதழை ஏற்று நடத்தத் தொடங்கியவர், பின்னர் நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார். கேட்போர் வட்டத்திலிருந்து நேராக அச்சுலகத்துக்கு வந்த எழுத்தாளர் அவர். கதை யாருக்கு, எந்த இடத்தில் நிறுத்தினால் அடுத்த நாளும் வந்து உட்காருவார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெருவிலேயே பழகிப்போயிருந்தன. தொடர்கதைக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை.

தொடர்கதையும் பைண்டு புத்தகமும்

‘ஆனந்த விகடன்’ 1926இலும் ‘கல்கி’ 1941இலும் ‘குமுதம்’ 1947இலும் தொடங்கின. ஒரு வீட்டில் விகடன், அடுத்த வீட்டில் கல்கி, எதிர்வீட்டில் கலைமகள் என வாங்கி மாற்றிப் படித்துக்கொள்ளும் ஏற்பாடு நடுத்தர வர்க்கத் தெருக்களில் இயல்பாக உருவானது. நால்வர் சேர்ந்தால் நான்கு இதழ்களின் சுவை ஓர் இதழின் விலைக்குக் கிடைத்தது.

இந்த ஏற்பாடு விட்டுச்சென்ற பொருட்சான்று பைண்டு புத்தகம். 1950 முதல் 1954 வரை வந்த ‘பொன்னியின் செல்வன்’ போன்ற தொடர்களை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, பைண்டிங் கடையில் காலிகோ அட்டை போட்டு வைத்தார்கள். பழைய பைண்டு ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் வாசிப்பின் தடம் தெரியும். அத்தியாயம் முடியும் பக்கத்தின் பின்புறம் சோப்பு விளம்பரமோ துணுக்கோ இருக்கும். மணியத்தின் ஓவியங்களில் சில கத்தரிக்கப்பட்டிருக்கும். தவறிப்போன வாரத்தின் பக்கங்கள் வேறொரு வீட்டு இதழிலிருந்து வந்து ஒட்டியிருக்கும். அவற்றின் ஓரம் வேறு அளவில் வெட்டியிருக்கும். முதல் தாளில் உரியவர் பெயரும், திருப்பித் தரச் சொல்லும் வேண்டுகோளும் மசியில் எழுதியிருக்கும். பதிப்பகத்தின் நூலாக வருவதற்கு முன்பே அந்த நாவல் நூலாகிவிட்டது. அதை நூலாக்கியவர்கள் வாசகர்கள்; அதன் விநியோகம் தெரு வழியாகவே நடந்தது.

ஆகவே இதழ்களின் விற்பனைப் படிகளை எண்ணி வாசகர் தொகையைச் சொல்வது பிழையான முறை. விற்பனை எண் வாங்கிய வீடுகளைச் சொல்லும். படித்த வீடுகளைச் சொல்லாது.

படிப்பகமும் வாசிகசாலையும்

வீட்டுக்கு வீடு கைமாறும் நூல், ஒருவர் வீட்டுக்குள் மற்றவர் போகலாம் என்ற இடத்தில்தான் மாறும். சேரிக்கும் ஊருக்கும் நடுவே அந்தப் போக்குவரத்து இல்லை. இந்தத் தடையைத் தாண்டத் தனி வழிகள் தேவைப்பட்டன. 1907இல் அயோத்திதாசர் சென்னை இராயப்பேட்டையிலிருந்து தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ கோலார் தங்கவயல் வரையும் கடல் கடந்தும் தன் வாசகர்களைத் தேடிக்கொண்டது. பக்கத்துத் தெரு மறுத்த உறவை அவர்களுக்கு ஒரு வார இதழ் தந்தது.

திராவிட இயக்கம் இதைப் பொது இடமாக விரித்தது. ‘குடி அரசு’ 1925இல் தொடங்கியது. பின்னர் ‘விடுதலை’யும் ‘திராவிட நாடு’ம் வந்தன. கட்சிக் கிளை என்றால் ஒரு கொட்டகை, ஒரு பெஞ்சு, சில ஏடுகள் கொண்ட படிப்பகம் என்றே பல ஊர்களில் பொருள். 1951 கணக்கெடுப்பின்போதும் சென்னை மாநிலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கே எழுத்தறிவு இருந்தது. எனவே படிக்கத் தெரிந்த ஒருவர் படிக்க, மற்றவர்கள் கேட்டு விவாதித்தார்கள். டீக்கடையும் முடிதிருத்தகமும் இதே வேலையைச் செய்தன. 1942இல் சி. பா. ஆதித்தனார் தொடங்கிய ‘தினத்தந்தி’யின் எளிய நடையும் பெரிய தலைப்புகளும் இந்தக் கேட்போர் கூட்டத்துக்கு நன்கு பொருந்தின.

யாழ்ப்பாணத்தில் வாசிகசாலை ஊர்தோறும் வேரூன்றியது. யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் தொடக்கமே ஒரு வீடுதான். க. மு. செல்லப்பா 1933இல் தம் வீட்டில் நூல்களை வைத்து இரவல் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அது பொது முயற்சியாக வளர்ந்தது. 1981இல் அந்நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அந்த இழப்பு அவ்வளவு ஆழமாக உணரப்பட்டதற்கு, அது மக்கள் கைகொடுத்துக் கட்டிய நூலகம் என்பதும் ஒரு காரணம். அதே நகரில் முடிதிருத்தும் நிலையத்தில் உழைத்துக்கொண்டே 1966இல் ‘மல்லிகை’ இதழைத் தொடங்கிய டொமினிக் ஜீவா, அதைத் தாமே சுமந்து சென்று விற்றார். வாசகரும் ஆசிரியரும் முகம் பார்த்துப் பேசிய இதழ் அது.

அரசு வழி

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1928இல் சென்னை நூலகச் சங்கம் உருவானது. 1931இல் அவருடைய நூலக விதிகள் ஐந்தும் நூலாக வெளிவந்தன. அதே ஆண்டு மன்னார்குடி அருகே மேலவாசலில், எஸ். வி. கனகசபைப் பிள்ளையின் முயற்சியால் மாட்டுவண்டி நூலகம் கிளம்பியது. நூல் கிராமத்துக்குப் போக வேண்டும் என்ற எண்ணம் அதில் செயலானது. தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது நிறைவேறிய 1948ஆம் ஆண்டு சென்னைப் பொது நூலகச் சட்டம், சொத்து வரியோடு நூலக வரி வசூலிக்க வழி செய்தது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுவே. கிளை நூலகங்கள் பெருகின. சாதி பார்க்காமல் எவரும் நுழைந்து நூலைத் தொடலாம் என்பது சட்டத்தின் பெரிய கொடை.

வட்டத்தொட்டியும் இடைசெவலும்

மூன்றாவது கட்டம் விவாத வட்டம். 1920களில் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் டி. கே. சிதம்பரநாத முதலியார் வீட்டு முற்றத்து வட்டத்தொட்டியில் ஞாயிறு மாலைகளில் நண்பர்கள் கூடினார்கள். கம்பன் பாட்டை ஒருவர் படிப்பார், டி. கே. சி. அதன் சுவையை எடுத்துச் சொல்வார். பதவுரை சொல்லும் புலவர் மரபிலிருந்து விலகி, ரசிப்பதையே அளவுகோலாக்கியது அந்தச் சபை.

அந்த ரசனை பரவிய இடங்களில் ஒன்று கோவில்பட்டி அருகிலுள்ள இடைசெவல். கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் அந்த ஒரே ஊர்க்காரர்கள், ஏறத்தாழ ஒரே வயதினர். நூல்களையும் இசையையும் சேர்ந்தே அனுபவித்தவர்கள். அழகிரிசாமி சென்னைக்குப் போன பிறகு அந்த உறவு கடிதமாக நீடித்தது. அவர் எழுதிய கடிதங்கள் பின்னர் நூலாகவும் வந்தன. இருவருக்கும் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அழகிரிசாமிக்கு 1970இல் ‘அன்பளிப்பு’ தொகுப்புக்கும், ராஜநாராயணனுக்கு 1991இல் ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்கும் வழங்கப்பட்டது. கிராமத்தில் இருவர் படித்ததைப் பேசிக்கொண்டதன் விளைச்சல் இது.

‘அன்பளிப்பு’ சிறுகதை நம் பொருளின் நுட்பமான ஆவணமும்கூட. பத்திரிகையில் வேலை பார்க்கும் ஒருவர் கொண்டுவரும் புத்தகங்களுக்காக அக்கம்பக்கத்துக் குழந்தைகள் அவர் வீட்டை முற்றுகையிடுகிறார்கள். இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும் அவர் டைரி தருகிறார். விடுபட்ட சிறுவன் சாரங்கன், தானே ஒரு டைரியைக் கொண்டுவந்து, தனக்கு அன்பளிப்பு என்று அவர் கையால் எழுதித் தரச் சொல்கிறான். கொடுப்பவர் அறியாமலே வட்டத்துக்கு வெளியே ஒருவர் நின்றுவிடும் நிலையை இவ்வளவு கூர்மையாகச் சொன்ன கதை தமிழில் அரிது.

இதே காலத்தில் க. நா. சுப்ரமண்யம் ‘படித்திருக்கிறீர்களா?’ என்ற தலைப்பில் நூல் அறிமுகங்களை எழுதினார். சி. சு. செல்லப்பா 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கி, தம் வெளியீடுகளை மூட்டையாகச் சுமந்து ஊர் ஊராகப் போனார். தெருவில் நடந்த பரிந்துரை இவர்களிடம் விமரிசனமாக வளர்ந்தது. க. நா. சு.வின் பட்டியல்கள் கிளப்பிய சண்டைகளே அவற்றின் வலிமைக்குச் சான்று.

வாடகை நூலகம்

1950களுக்குப் பின் நகரங்களில் லெண்டிங் லைப்ரரிகள் பெருகின. சென்னையின் ஈஸ்வரி லெண்டிங் லைப்ரரி 1955இல் தொடங்கியது. முன்பணம் கட்டினால் நூலின் விலையில் சிறு பங்கு வாடகைக்கு நூல் கிடைக்கும். கடைக்காரருக்கு எந்த வீட்டு அம்மாவுக்கு லக்ஷ்மி பிடிக்கும், எந்த மாணவன் சுஜாதாவுக்குக் காத்திருக்கிறான் என்று தெரியும். ஏற்கெனவே படித்த நூலை மறந்து மறுபடி எடுத்துவிடாமல் இருக்க, வாசகர்கள் கடைசிப் பக்க ஓரத்தில் தங்களுக்கு மட்டும் புரியும் ஒரு குறியைப் போட்டுவைத்தார்கள். பலர் குறி விழுந்த நூல் நல்ல நூல் என்று புதியவர் தெரிந்துகொள்ளவும் அது உதவியது. 1990களில் தொலைக்காட்சித் தொடர்கள் பெருகியதும் இந்தக் கடைகள் தேயத் தொடங்கின.

முடிவு

இந்த நூறாண்டுக்கும் மேலான வரலாறு மூன்று முடிவுகளைத் தருகிறது. முதலாவது, தமிழ் வாசகர் நூலைத் தேர்ந்தது பெரும்பாலும் தெரிந்தவர் சொல்லை நம்பித்தான். அந்த நம்பிக்கையைத் தாங்கிய அமைப்புகள்தான் நிலைத்தன. இரண்டாவது, அந்த வட்டம் ஒருபோதும் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. படிப்பகமும் பொது நூலகமும்தான் அதன் கதவை அகலத் திறந்தன. மூன்றாவது, இவ்வரலாற்றின் முதன்மைச் சான்றுகள் நூலின் உள்ளடக்கத்தில் இல்லை. பெயர் எழுதிய முதல் தாளிலும், பைண்டிலும், கடைசிப் பக்கக் குறியிலும் உள்ளன.

அந்தச் சான்றுகள்தான் முதலில் எடைக்குப் போகின்றன. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் திரட்டியவை இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. அவர் சேர்த்திருக்காவிட்டால் இவ்வகை ஆய்வுகளில் பல நடந்தே இரா. வீட்டுப் பரணில் பழைய பைண்டு புத்தகமோ, லெண்டிங் லைப்ரரிச் சீட்டோ, படிப்பகத்தின் வரவுப் பதிவேடோ இருந்தால், பழைய பேப்பர்காரரிடம் போடுமுன் அருகிலுள்ள கல்லூரித் தமிழ்த்துறைக்கோ ஆவணக் காப்பகத்துக்கோ ஒரு சொல் சொல்லுங்கள்.