திருவிழாவின் பொருளைச் சொல்பவர் யார்?



பந்தல்கால் நடக் கூப்பிடுவார்கள். பறையடிக்கக் கூப்பிடுவார்கள். செத்த மாட்டை இழுக்கக் கூப்பிட்ட அதே குரலில் தீவட்டி பிடிக்கவும் கூப்பிடுவார்கள். அந்தத் திருவிழா எதற்காக என்று சொல்லும் இடத்துக்கு மட்டும் நம்மை யாரும் கூப்பிட்டதில்லை. சமூகவியல் வகுப்பில் எமில் துர்க்கைமைப் படித்தோம். சடங்கு சமூகத்தை ஒன்றுசேர்க்கிறது என்றார். சேர்ப்பது உண்மைதான். யாரை எங்கே நிறுத்திச் சேர்க்கிறது என்பதைப் பறையைத் தோளில் மாட்டியவரிடம்தான் கேட்க வேண்டும்.

கூப்பிடாத அந்த இடத்துக்குத் தானாகவே போய் உட்கார்ந்தவர் அயோத்திதாசப் பண்டிதர். 1907 ஜூன் 19 அன்று அவர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ அடுத்த ஆண்டு ‘தமிழன்’ ஆனது. 1914இல் மறையும்வரை அதில் எழுதினார். அரசியலும் வரலாறும் எழுதிய அதே பக்கங்களில், நம் வீடுகளில் வருடம் முழுக்க வந்துபோகும் பண்டிகைகளையும் விளக்கினார். போகி அவருக்குப் போதி. சங்கராந்தி என்பது சங்கரர் என்று அழைக்கப்பட்ட புத்தர் அந்தியம் அடைந்த நாள். வேப்பிலையோடு நாம் கும்பிடும் அம்மனை, அம்பிகை என்ற பௌத்தப் பெண்துறவியாகக் கண்டார். கார்த்திகை தீபத்தில் அவர் கண்டது ஆமணக்கு நெய்யின் கதை.

தீபாவளியிடம் கொஞ்சம் நிற்போம். புராணத்தில் அது நரகாசுரன் கொல்லப்பட்ட நாள். பின்னாளில் திராவிட இயக்க மேடைகள் கதையை அப்படியே எடுத்துக்கொண்டு பக்கத்தை மட்டும் மாற்றின: கொல்லப்பட்டவன் நம்மவன், ஆகவே கொண்டாடாதே. அந்த வாதத்தின் நியாயம் நமக்குப் புரிகிறது. ஆனாலும் நம் தெருக்களில் வெடிச்சத்தம் குறையவில்லை. பண்டிதரோ கொலையையே கதையிலிருந்து எடுத்துவிட்டார். எள்ளிலிருந்து நெய்யெடுக்கக் கண்டவர்கள் பௌத்தத் துறவிகள். அதைத் தலையில் தேய்த்துத் தீபவதி என்ற ஆற்றில் மக்கள் நீராடிய நாளே தீபாவளி என்றார். முதல் இரண்டு கதைகளிலும் ஒருவன் சாகிறான். மூன்றாவதில் ஒரு பொருள் கண்டுபிடிக்கப்படுகிறது. விடியற்காலையில் பாட்டி தலையில் வைத்து அழுத்தும் எண்ணெய்க்கு இந்தக் கதைதான் கிட்ட நிற்கிறது.

அவருடைய சொற்பிரிப்புகள் எல்லாம் இன்றைய மொழியியல் முன் நிற்குமா? நிற்காது. மாணவர்கள் அதைத் தயங்காமல் சொல்லலாம். ஆனால் புராணக் கதைக்கு யாரும் சான்று கேட்பதில்லை; சேரியிலிருந்து ஒருவர் கதை சொன்னால் மட்டும் கல்வெட்டு கேட்கிறார்கள். இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த தொகுதிகள் வரும்வரை இந்த எழுத்துகள் நம்மில் பெரும்பாலோர் கைக்கு எட்டவே இல்லை.

பாபாசாகேப் அம்பேத்கரும் நாளைத் தேர்ந்தெடுத்துத்தான் செய்தார். 1956 அக்டோபர் 14, நாக்பூரில் அவர் பௌத்தம் தழுவிய நாள், விஜயதசமி. அசோகரின் பெயரால் அந்த நாளை மீட்டார்.

சரி, பொருளை மாற்றிச் சொன்னால் போதுமா? வடத்தை யார் தொடுவது என்ற கேள்வி அப்படியே இருக்கிறதே. 1909இல் வந்த எட்கர் தர்ஸ்டனின் நூலில் ஒரு குறிப்பு உண்டு. திருவாரூர்க் கோயில் திருவிழாவில் ‘யானையேறும் பெரும்பறையன்’ என்றே ஒருவர். சாமியோடு யானைமேல் ஏறிச் சாமரம் வீசும் உரிமை அவருக்கு இருந்தது. சென்னைக் கருப்பர் நகரத்து அம்மனுக்கு ஆண்டுதோறும் தாலி கட்டும்போது மணமகனாக நிற்கவும் ஒரு பறையரையே தேர்ந்தெடுத்தார்கள். ஒரு நாள் யானைமேல், மீதி நாள் சேரியில். இதைப் பழம்பெருமையாக மட்டும் பேசுபவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. பறிபோன உரிமையின் மிச்சமா, அடங்கியிருக்கக் கொடுத்த கூலியா என்று நமக்குள்ளேயே இன்னும் வாதம் உண்டு.

கண்டதேவியில் அந்த ஒரு நாளும் கிடைக்கவில்லை. சொர்ணமூர்த்தீஸ்வரர் கோயில் தேரின் நான்கு வடங்களும் நான்கு நாட்டாருக்கு என்றார்கள். நம் மக்கள் வடம் பிடிக்க உரிமை கேட்டபோது வழக்கு வந்தது, போலீஸ் வந்தது. பிறகு தேரே பல ஆண்டுகள் நின்றுபோனது. நம் கை படுவதைவிடத் தேர் ஓடாமல் இருப்பது சிலருக்குப் பரவாயில்லையாக இருந்தது. நீதிமன்றத் தலையீட்டுக்குப் பின் 2024 ஜூனில்தான், பெரும் போலீஸ் பாதுகாப்போடு, அது மறுபடி நகர்ந்தது.

அடுத்தவர் தேர் வேண்டாம், நமக்கென்று ஒன்று செய்துகொள்வோம் என்றால்? சங்கராபுரம் அருகே சேஷசமுத்திரத்தில் அதைத்தான் செய்தார்கள். தங்கள் அம்மனுக்குத் தேர் செய்தார்கள். அது பொதுத்தெரு வழியே போகக்கூடாது என்று எதிர்ப்பு எழுந்தது. 2015 ஆகஸ்ட் 15 இரவு அந்தத் தேர் எரிக்கப்பட்டது; வீடுகளும் எரிந்தன.

மாணவத் தோழர்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறோம். வருகிற ஆடிக்கு ஊருக்குப் போவீர்கள். பெரியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள்: சாமி நம் தெருவுக்குள் வருமா, தெருமுனையோடு திரும்புமா? முதல் கூழ் யாருக்கு? பறையை யார் நிறுத்தினார்கள், எந்த வருடம்? இந்தப் பண்டிகை ஏன் வந்தது என்று பாட்டி என்ன கதை சொல்கிறார்? கேட்டதை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதி, அடுத்த ஆண்டு இந்தக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.