வலந்தலையும் இடந்தலையும்

சில மாதங்களுக்கு முன்னர் மட்டக்களப்பு சென்றிருந்தபோது கல்லடியில் ஒரு திருமண வரவேற்புக்குப் போக நேர்ந்தது. வாவிக்கரையோரமாக அமைந்த மண்டபம். உணவுக்குப் பின்னர் இசைக்குழுவினர் பைலா தொடங்கினர். போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள். பத்தே ஆண்டுகளில் அதை ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். ஆனால் அவர்கள் விட்டுச்சென்ற தாளத்தை இந்த ஊரிலிருந்து எவராலும் பிடுங்க முடியவில்லை. பறங்கியர் மணவீடுகளில் வயலினோடும் றபானோடும் ஒலித்த அந்த ஆறு எண்ணிக்கை ஓட்டம், இன்று சகல இனத்தாருடைய மணவீடுகளிலும் ட்ரம்ஸில் ஓடுகிறது.

என்னருகே அமர்ந்திருந்தவர் எனது பழைய நண்பர். 1970களில் ஒரு குழுவில் ட்ரம்ஸ் வாசித்தவர். திடீரென என் தோளைத் தட்டி, “பொடியன் பிழையாப் பழகியிருக்கான், பாத்தீங்களா?” என்றார்.

பார்த்தேன். ஹை-ஹட் எனப்படும் இரட்டைத் தட்டு, ட்ரம்ஸ் வாசிப்பவருக்கு இடப்பக்கத்தில் நிற்பது. இருந்தபோதிலும் வழக்கப்படி அதை வலக்கையாலேயே தட்டுவார்கள். இடக்கை கீழே ஸ்நேர் பறையில் இருக்கும். ஆகவே வலக்கை இடக்கையின் மேலாகக் குறுக்கே சென்று தட்டைத் தொடும். இந்த இளைஞனோ இடக்கையால் தட்டையும் வலக்கையால் ஸ்நேரையும் வாசித்துக்கொண்டிருந்தான். கைகள் எங்குமே குறுக்கிடவில்லை.

இடைவேளையில் நண்பர் அவனிடமே கேட்டுவிட்டார். அவன் சிரித்தான். “என்னத்துக்கு ஐயா கையைக் குறுக்கால போடணும்? தட்டு இடப்பக்கந்தானே கிடக்கு” என்றான்.

எங்கள் இருவரிடமும் பதில் இல்லை. பத்திரிகைக்காரனுக்குப் பதில் இல்லாத கேள்வி முள்ளைப் போன்றது. சில வாரங்கள் தேடினேன்.

ட்ரம்ஸ் என்ற வாத்தியத்தை எவரும் உட்கார்ந்து திட்டமிட்டு உருவாக்கவில்லை. அது செலவுச் சுருக்கத்தில் பிறந்தது. பெரும்பறைக்கு ஓர் ஆள், சிறுபறைக்கு ஓர் ஆள், கைத்தாளத் தட்டுகளுக்கு ஓர் ஆள் என அணிவகுத்துச் சென்றன ஐரோப்பிய, அமெரிக்க இராணுவ வாத்தியக் குழுக்கள். அத்தட்டுகள்கூடத் துருக்கியப் படை இசையிலிருந்து வந்தவையே. இன்றும் உலகப் புகழோடு விளங்கும் சில்ஜியன் நிறுவனம் 1623இல் கொன்ஸ்தாந்திநோப்பிளில் ஓர் ஆர்மீனியக் குடும்பத்தினரால் தொடங்கப்பட்டது. அதே இசை நாடகக் கொட்டகைகளுக்குள் வந்தபோது இடமும் போதவில்லை. மூவருக்குக் கூலி கொடுக்க முதலாளிகளுக்கு மனமும் இல்லை. ஆகவே மூவர் வேலை ஒருவர் தலையில் விழுந்தது. 1909இல் வில்லியம் லட்விக் விரைவாக இயங்கும் கால்மிதிக்குக் காப்புரிமை பெற்றார். பெரும்பறை காலுக்குப் போயிற்று.

அடுத்து, தட்டுகளையும் காலுக்கு மாற்றினர். 1920களில் வந்த முதல் இரட்டைத் தட்டுகள் கணுக்கால் உயரத்துக்குச் சற்று மேலே தரையோடு தரையாக நின்றவை. வலக்கால் பெரும்பறையில் இருந்தமையால் இவை இடக்காலுக்கு வாய்த்தன. கைக்கும் அவற்றுக்கும் எவ்விதத் தொடர்பும் இருக்கவில்லை. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் தண்டை நீட்டித் தட்டுகளை இடுப்புக்கு மேலே உயர்த்திவிட்டார்கள். எட்டும் உயரத்தில் ஒரு தட்டு வந்த பிறகு கோலுடைய கை சும்மா இருக்குமா? 1930களில் கவுண்ட் பேசியின் குழுவில் ஜோ ஜோன்ஸ் அதில் தாளத்தை ஓடவிட்ட அழகைக் கேட்டு உலகமே பின்பற்றியது. வேகமான ஓட்டத்துக்குப் பழகிய கை வலக்கை; தட்டு நின்ற இடமோ இடக்காலின் பக்கம். கைகள் குறுக்கிட்டதன் காரணம் இவ்வளவுதான். நண்பர் “முறை” என நம்பியிருந்தது, ஒரு தண்டு நீண்டதால் நேர்ந்த விபத்து.

குறுக்கிடும் கைக்கு ஒரு விலை உண்டு. மேலே செல்லும் வலக்கை தடுப்பதால் இடக்கையைத் தாராளமாக ஓங்க முடியாது. கோல்கள் மோதாதிருக்கத் தட்டை உயர்த்தி வைக்கவேண்டும். திறந்த கையினர் தட்டைத் தாழ்த்திக்கொள்வர். ரைட் எனப்படும் பெரிய தட்டையும் பலர் இடப்பக்கத்துக்கே கொண்டுவருவர். வலக்கை ஏனைய பறைகளில் சுதந்திரமாக உலாவும். 1971இல் மகாவிஷ்ணு ஓர்க்கெஸ்ட்ராவில் பில்லி கோப்ஹாம் இவ்வாறு வாசித்துக் காட்டினார்; பின்னர் சைமன் பிலிப்ஸ், கார்ட்டர் போஃபோர்ட் முதலானோர் வந்தனர். சிரமமும் இல்லாமலில்லை. இடக்கையை ஆரம்பத்திலிருந்து பழக்கவேண்டும். பிறர் அடுக்கிவைத்த ட்ரம்ஸில் உட்கார்ந்தால் தடுமாற வேண்டியிருக்கும்.

இதை வாசிக்கையில் எனக்குப் பழனி சுப்பிரமணிய பிள்ளை நினைவுக்கு வந்தார். 1962இல் மறைந்த அந்த மிருதங்க மேதை இடக்கைக்காரர். கச்சேரி மேடையில் பாடகரின் வலப்பக்கம் மிருதங்கம், இடப்பக்கம் வயலின் என்பது வழக்கம். அப்போதுதான் வலந்தலை சபையை நோக்கியிருக்கும். இடக்கைக்காரர் வாசித்தால் மிருதங்கம் திரும்பிவிடுகிறது. ஆகவே அவரும் வயலின்காரரும் இடம்மாறி உட்காரவேண்டும். வயலின் வித்துவான்கள் பலர் இதற்கு இணங்கவில்லை. செம்பை வைத்தியநாத பாகவதர்தான் பிடிவாதமாக நின்று அவரைத் தம் மேடைகளில் அமர்த்தினார். கையில் குறை இல்லை, நாதத்தில் குறை இல்லை; உட்காரும் வரிசையில்தான் வழக்கு.

இந்த வழக்கு எங்கள் வட்டக்களரியில் எழ இடமில்லை. மட்டக்களப்பு வடமோடி, தென்மோடிக் கூத்துகளில் களரியின் நடுவே அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் நிற்பர். கூத்தர் அவர்களைச் சுற்றி ஆடுவர். ஊர் அதைச் சுற்றி அமர்ந்திருக்கும். மத்தளம் ஒருவர் இடுப்பில், சல்லரி வேறொருவர் கையில். ஆட்டக்காரன் திரும்பும் பக்கமெல்லாம் மத்தளமும் திரும்பும். நாற்புறமும் சபை இருக்கையில் எந்தத் தலை யாரை நோக்கவேண்டும் என்ற கேள்வியே பிறவாது. மூவர் வேலையை ஒருவர் தலையில் கட்டும் கஞ்சத்தனமும் அங்கில்லை. சல்லரிக்காரரை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை என்பது வேறு கதை. விடியும்வரை ஒரே சீராகத் தாளத்தைப் பிடித்துநின்ற அந்த மனிதர்களில் ஒருவரைக்கூட நான் பத்திரிகைக்காகப் பேட்டி கண்டதில்லை. அண்ணாவிமாரைத்தான் தேடிப்போனேன்.

1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கூத்தைப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். சி. மௌனகுரு இராவணனாக ஆடிய ‘இராவணேசன்’ அந்த வரிசையில் வந்ததே. கூத்தைப் படித்தவர் மதிக்கச் செய்த பெரும்பணி அது, சந்தேகமில்லை. ஆனால் சபை ஒரு பக்கத்துக்குப் போனதும், நடுவில் நின்ற மத்தளமும் சல்லரியும் மேடையோரம் ஒதுங்கின. இந்த இழப்பு குறித்து நம்மவர் போதியளவு பேசவில்லை என்பது என் அபிப்பிராயம்.

இவற்றையெல்லாம் நண்பருக்குத் தொலைபேசியில் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, ஐம்பது ஆண்டுப் பழக்கத்தில் எனக்குத் தெரியாதிருந்த ஒன்றைச் சொன்னார். அவர் பிறவியில் இடக்கைக்காரர். சிறுவயதில் பள்ளிக்கூடத்தில் அடிமட்டத்தால் விரல் கணுக்களில் அடித்து வலக்கைக்கு மாற்றியிருக்கிறார்கள். பிறகு குழுவில் சேர்ந்தபோது, பெரியவர் ஒருவர் அந்த வலக்கையைக் குறுக்கே போடப் பழக்கியிருக்கிறார். இரண்டையும் அவர் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டிருந்தார்.

கடந்த வாரம் மீண்டும் பேசினோம். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மேசை விளிம்பில் இரண்டு கரண்டிகளை வைத்துக்கொண்டு, இடக்கையால் பைலா தாளம் தட்டிப் பார்க்கிறாராம்.

“எப்படி?” என்றேன்.

“சொல்வழி கேக்குதில்லை” என்றார்.