மன்னன் தலையும் மாவீரன் தலையும்

1661ஆம் ஆண்டு, சனவரித் திங்கள் 30ஆம் நாள். இலண்டன் நகரிலே ஒரு பிணத்துக்குத் தூக்குத் தண்டனை! செத்து ஈராண்டுகளுக்கு மேலாகிவிட்ட ஒருவரின் உடலைக் கல்லறையிலிருந்து தோண்டியெடுத்து, டைபர்ன் தூக்குமேடையிலே தொங்கவிட்டு, பின்னர் தலையை வெட்டி, வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்து உச்சியிலே கம்பத்தில் செருகினர். பன்னிரண்டு ஆண்டுகட்கு முன்னர் இதே நாளில் முதலாம் சார்லஸ் மன்னனின் தலை உருண்டதல்லவா, அதற்குப் பழி! பிணத்தோடு போர் தொடுத்த மன்னர் குலத்தின் வீரத்தை என்னென்பது!

பிணத்துக்குரியவர் ஆலிவர் கிராம்வெல்.

அந்தப் பெயரைக் கேட்டதும் நம்மில் பலருக்கு உள்ளம் பூரிக்கும். காரணம் இல்லாமலில்லை. 'மன்னன் ஆண்டவனின் பிரதிநிதி. அவனைக் கேள்வி கேட்பார் எவருமிலர்' என்ற புரட்டு, 1642இல் மூண்ட உள்நாட்டுப் போரிலே தூள்தூளாயிற்று. நாற்பது வயதைக் கடந்த பின்னரே போர்க்களம் கண்ட கிராம்வெல், குடிப்பிறப்பைப் பாராது திறமையைப் பார்த்துப் படையிலே பதவி தந்தார். 1645இல் நேஸ்பிக் களத்தில் அவருடைய குதிரைப்படை மன்னன் படையை நொறுக்கியது. 1649இல் மன்னனுக்குக் கொலைத் தண்டனை. பிரபுக்கள் சபையும் ஒழிந்தது.

இத்துடன் ஏட்டை மூடிவிடலாமா? மூடிவிடுவோர் உண்டு. நாம் அடுத்த பக்கத்தையும் புரட்டுவோம்.

1647இல் பட்னி மாதாகோயிலிலே படைவீரர்கள் கூடி வாதாடினர். ஏழைக்கும் வாக்குரிமை வேண்டுமென்றார் தளபதி ரெயின்ஸ்பரோ. சொத்துடையோர்க்கே உரிமை என்றார் கிராம்வெல்லின் மருமகன் அயர்ட்டன். மாமனார் எந்தப் பக்கம் நின்றார்? மருமகன் பக்கம்! ஈராண்டுகள் கழித்து, உரிமை கேட்டுக் கலகம் செய்த வீரர்களைப் பர்ஃபர்டு ஊரில் மடக்கினார். மூவரை மாதாகோயில் சுவரோரம் நிறுத்திச் சுட்டனர். மன்னனின் தலை விழுந்து நான்கு மாதங்கூட ஆகவில்லை!

அதே ஆண்டு செப்டம்பரில் அயர்லாந்தின் டிரோகெடா. கோட்டையைக் காத்த ஏறத்தாழ 3,000 வீரரில் மிகப் பெரும்பாலோர் வெட்டுண்டனர். பாதிரிமாரும் தப்பவில்லை. மாதாகோயில் கோபுரத்தில் ஒளிந்தோரை நெருப்பிட்டுக் கொன்றனர். ஊர்மக்கள் எத்தனை பேர் மாண்டனர் என்பதிலே வரலாற்றாசிரியரிடையே இன்றும் வழக்கு. இது ஆண்டவன் வழங்கிய நீதி என்று எழுதினார் கிராம்வெல். மன்னனின் மகுடத்தைக் காத்த அதே ஆண்டவன், இப்போது தளபதியின் வாளுக்கு உறை! பின்னர் வந்த நிலப்பறிப்பு அதைவிடக் கொடிது. பாதிக்கு மேற்பட்ட நிலத்தை வைத்திருந்த அயர்லாந்துக் கத்தோலிக்கரிடம், முடியாட்சி மீண்ட பின்னரும் ஐந்தில் ஒரு பங்கு அளவே இருந்தது.

1653இல் படைவீரரை அழைத்துவந்து பாராளுமன்றத்தையே கலைத்தார். நாட்டுக் காப்பாளர் என்று பட்டம் பூண்டார். 1657இல் மகுடத்தை நீட்டியபோது மறுத்தார் என்பதைப் பெருமையாகச் சொல்வர். மறுத்தவர் 1658இல் இறந்ததும் அவருடைய இடத்தில் அமர்ந்தவர் யார்? மகன் ரிச்சர்டு! இதற்கா ஒரு மன்னனை வெட்டினர்?

1895இல் கிராம்வெல்லுக்குச் சிலை வைக்க அரசு பணம் கேட்டபோது, அயர்லாந்து உறுப்பினர்கள் வெகுண்டெழுந்தனர், திட்டம் கைவிடப்பட்டது. முன்னாள் முதலமைச்சர் ரோஸ்பெரி பிரபு தம் பெயரை மறைத்துப் பணம் தர, 1899இல் பாராளுமன்ற வாயிலிலே சிலை எழுந்தது. ஒழித்த பிரபுக்கள் கூட்டத்திலிருந்தே ஒரு புரவலர்! ஒரு கையில் வாள், மறு கையில் வேதநூல். உருவத்தை வடித்தவர் உண்மையைத்தான் வடித்தார். பல கைகள் மாறிய அந்தத் தலையோ, 1960இல்தான் கேம்பிரிட்சிலே அவர் பயின்ற கல்லூரியில் அடக்கமாயிற்று.

சுடப்பட்ட மூவருக்கும் சிலையில்லை. பர்ஃபர்டு மாதாகோயில் சுவரிலே, 1979இல் ஒரு சிறு நினைவுப் பலகை மட்டும் பதித்தனர். தாம்சன், பெர்க்கின்ஸ், சர்ச் என்ற மூன்று பெயர்கள் அதிலே உள்ளன.