ஆற்றுக்கு இக்கரை ஒரு சட்டம், அக்கரை ஒரு சட்டம்

மாக் மண்டின் தொழிற்பேட்டையில் இரும்புச் சாமான் செய்யும் ஒருவர், முடா ஆற்றைக் கடந்து சுங்கை பட்டாணியில் இருக்கும் கடைக்காரருக்குச் சரக்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். லாரி ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடும். நாடு ஒன்று, ரிங்கிட் ஒன்று, அரசாங்கமும் ஒன்று. ஆனால் 1990 வரை சட்டம் மட்டும் இரண்டாக இருந்தது. சரக்கு மட்டம் என்று தகராறு வந்தால், கெடாவில் 1957இல் இயற்றப்பட்ட நம் நாட்டுச் சரக்கு விற்பனைச் சட்டம் பேசும். பினாங்கில் அது செல்லாது. அங்கே, வழக்கு வருகிற நாளில் இங்கிலாந்தில் எந்தச் சட்டம் நடப்பில் இருக்கிறதோ அதுதான் சட்டம். 1979இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் புதிய விற்பனைச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. அந்த நாடாளுமன்றத்துக்கு ஓட்டுப் போடாத மாக் மண்டினும் அதன் நிழலுக்குள் வந்தது. 1990இல் நம் சட்டம் பினாங்குக்கும் மலாக்காவுக்கும் நீட்டிக்கப்பட்ட பிறகே இந்த வேறுபாடு நீங்கியது.

நீங்கியது சரக்கு விற்பனையில் மட்டும்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். இந்த ஏற்பாட்டுக்கு வேராக இருக்கும் விதி இன்னும் அப்படியே இருக்கிறது. அது 1956ஆம் ஆண்டு குடியியல் சட்டத்தின் 5ஆம் பிரிவு. வங்கி, காப்புறுதி, கப்பல் சரக்கு, முகவர் தொழில், பொதுவாக வாணிபம் என எதிலாவது நம் நாட்டில் எழுதப்பட்ட சட்டம் இல்லையென்றால், ஆங்கிலச் சட்டத்தைப் பார்க்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. மற்றத் தீபகற்ப மாநிலங்களுக்கு 1956 ஏப்ரல் 7 அன்று இருந்த ஆங்கிலச் சட்டம். பினாங்கு, மலாக்கா, சபா, சரவாக் ஆகியவற்றுக்கோ, தகராறு எழும் காலத்தில் இங்கிலாந்தில் உள்ள சட்டம். முன்னது நின்றுபோன கடிகாரம். பின்னது லண்டன் நேரத்துக்கே ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரம்.

இது எப்படி வந்தது? 1786இல் பிரான்சிஸ் லைட் தீவில் இறங்கினார். 1800இல் எதிர்க்கரையான செபராங் பிறை, அன்றைய வெல்லெஸ்லி மாகாணம், கம்பெனியின் கைக்குப் போனது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பினாங்கில் இன்னதுதான் சட்டம் என்று உறுதியாகச் சொல்ல ஆள் இல்லை. மலாய்க்காரர், சீனர், சூலியாக்கள் எனப்பட்ட தமிழ் முஸ்லிம்கள், ஐரோப்பியர் என எல்லோரும் கூடி வாணிபம் செய்த துறைமுகம் அது. 1807 மார்ச் 25 அன்று வழங்கப்பட்ட நீதிச் சாசனம் அங்கே ஒரு நீதிமன்றத்தை அமைத்தது. மறு ஆண்டு சர் எட்மண்ட் ஸ்டான்லி முதல் ரெக்கார்டராக அமர்ந்தார். அந்தச் சாசனத்தோடு இங்கிலாந்தின் சட்டமும் பினாங்குக்கு வந்துவிட்டது என்று 1858இல் ரெக்கார்டர் பென்சன் மேக்ஸ்வெல் தீர்ப்பளித்தார். அரை நூற்றாண்டு கழித்துத்தான் அதுவே திட்டமாகச் சொல்லப்பட்டது என்பதைப் பார்த்தால், குழப்பத்தின் வயது புரியும்.

குழப்பத்துக்கு விலை கொடுத்தவர்கள் சாதாரண மக்கள். 1875இல் பிரிவி கவுன்சில் வரை போன பினாங்கு வழக்கு ஒன்று. ஒரு சீனப் பெண்மணி, தனக்கும் தன் கணவருக்கும் முன்னோர் வழிபாடு நடக்க ஒரு வீட்டை உயிலில் எழுதி வைத்தார். நம்மவர்கள் திவசத்துக்கும் மடத்துக்கும் நிலம் எழுதி வைப்பது போலத்தான். ஆனால் ஒரு சொத்தை என்றென்றைக்குமாக ஒரே காரியத்துக்குக் கட்டிப்போடக் கூடாது என்பது ஆங்கில விதி. ஊருக்குப் பொதுவான தர்மம் என்றால் விலக்கு உண்டு. குடும்ப வழிபாடு தர்மம் ஆகாது என்றார்கள் லண்டன் நீதிபதிகள். உயிலின் அந்தப் பகுதி செல்லாமல் போனது. அதே தீர்ப்பில் இன்னொரு வாக்கும் உண்டு. ஆங்கிலச் சட்டம் உள்ளூர் நிலைமைக்குப் பொருந்துகிற அளவுக்கே செல்லும் என்றார்கள். எது பொருந்தும், எது பொருந்தாது என்ற பட்டியலை மட்டும் யாரும் தரவில்லை. ஒவ்வொரு முறையும் ஒருவர் வழக்குப் போட்டு, காசு செலவழித்து, அதைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

பட்டியல் போடவே முடியாதா என்றால், நிலத்தில் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். பினாங்கிலும் மலாக்காவிலும் நில விற்பனை ஆங்கில முறைப்படி பத்திரங்களால் நடந்தது. பத்திரம் பதிவாகும், ஆனால் உரிமை யாருடையது என்று அரசாங்கம் உத்தரவாதம் தராது. வாங்குகிறவர் பாட்டன், பூட்டன் காலத்துப் பத்திரங்களையெல்லாம் புரட்டிச் சரிபார்க்க வேண்டும். மற்ற மாநிலங்களில் பதிவேட்டில் இருக்கும் பெயரே உரிமைக்குச் சான்று. இந்த இரண்டையும் ஒன்றாக்க 1963இல் பினாங்கு, மலாக்கா நில உரிமைகளுக்கென்றே தனிச் சட்டம் வந்து, 1966இல் நடைமுறைக்கு வந்தது. பழைய உடைமைகள் ஒவ்வொன்றாக இடைக்காலப் பதிவேட்டில் ஏற்றப்பட்டன. பிறகு நிலம் அளந்து, மாற்று உரிமைப் பத்திரம் கொடுத்தார்கள். அலுப்பான வேலைதான். ஆனால் இரவல் சட்டத்தை எண்ணி எடுத்துச் சொந்தச் சட்டமாக்க அதைவிடக் குறுக்கு வழி இல்லை.

இதே வேலையை ஐரோப்பாவில் பெரிய அளவில் செய்தார்கள். 2004இல் போலந்து, லித்துவேனியா உட்பட பத்து நாடுகள் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தன. சேர வேண்டுமானால் ஒன்றியத்தின் சட்டத் தொகுதி முழுவதையும் ஏற்க வேண்டும். அது 80,000 பக்கம் என்று சொல்வது வழக்கம். யாரால் அதை நினைவில் வைத்துக்கொள்ள முடியும்? ஒன்றியத்தின் ஒவ்வொரு சட்டத்துக்கும் ஓர் எண் உண்டு. சேர விரும்பும் நாடு அந்த எண்ணைப் போட்டு, இடப்பக்கம் ஐரோப்பிய விதி, வலப்பக்கம் தன் சட்டத்தில் அதற்கு இணையான விதி என அட்டவணை தயாரிக்கும். முழுவதும் ஒத்துப்போகிறதா, பாதியா, இல்லவே இல்லையா, எந்த அமைச்சு பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்பதெல்லாம் அதில் இருக்கும். கணினி வந்த பிறகு இவை அரசாங்கத் தரவுத்தளங்களாயின. ஒரு குமாஸ்தா தன் இடத்தில் உட்கார்ந்தே எது பாக்கி என்று பார்க்கலாம். பேரேடு எழுதும் செட்டியார் கடைக்கு இது புதிய விஷயம் அல்ல. அரசாங்கங்களுக்குத்தான் புதிதாக இருந்தது.

பேரேடு எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை, பினாங்குக்குச் சட்டம் தந்த அதே பிரிட்டன் காட்டியது. 1973இல் அது ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்தது. அன்று முதல் ஐரோப்பிய விதிகள் ஆங்கிலச் சட்டத்துக்குள் கலந்தன. பினாங்கின் கடிகாரம் லண்டனைப் பார்த்து ஓடியது. லண்டன் கடிகாரமோ பாதி பிரசல்ஸைப் பார்த்து ஓடியது. 2020 ஜனவரி 31இல் பிரிட்டன் விலகியபோது, உள்ளே தங்கிவிட்ட ஐரோப்பியச் சட்டங்கள் எத்தனை என்று அரசாங்கத்துக்கே தெரியவில்லை. 2022 ஜூன் மாதம் அவற்றைக் கணக்கெடுத்து ஓர் இணையத் தரவுத்தளம் வெளியிட்டார்கள். அப்போது 2,400க்கு மேல் என்றார்கள். 2023 ஜனவரியில் 3,700ஐத் தாண்டியது. அதே ஆண்டு மே மாதம் 4,800ஐத் தாண்டியது. 2023 முடிவதற்குள் பெரும்பாலானவற்றைத் தானாகக் காலாவதியாக்கும் மசோதா ஏற்கெனவே நாடாளுமன்றத்தில் இருந்தது. எத்தனை என்று தெரியாததை எப்படி ரத்துச் செய்வது? அந்த மே மாதமே அரசாங்கம் பின்வாங்கியது. ஏறக்குறைய 600 சட்டங்களைப் பெயர் குறிப்பிட்டு நீக்குவதோடு நிறுத்திக்கொண்டது.

பக்கத்து வீட்டுக்காரரான சிங்கப்பூர் இந்தத் தொல்லையை முன்பே தீர்த்துக்கொண்டது. நீரிணைக் குடியேற்றங்களின் 1878ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வந்த அதே 5ஆம் பிரிவு அங்கேயும் இருந்தது. உலக வங்கிகள் வந்து குவிகிற ஊரில், எந்த ஆங்கிலச் சட்டம் செல்லும் என்று வழக்கறிஞர்களாலேயே உறுதி சொல்ல முடியவில்லை. 1993இல் ஆங்கிலச் சட்டப் பயன்பாட்டுச் சட்டம் என்ற ஒன்றைக் கொண்டுவந்து அந்தப் பிரிவை எடுத்துவிட்டார்கள். செல்லக்கூடிய ஆங்கிலச் சட்டங்களைப் பெயரும் ஆண்டும் போட்டு அட்டவணையாக இணைத்தார்கள். 1890ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டம், 1906ஆம் ஆண்டுக் கடல் காப்புறுதிச் சட்டம், 1979ஆம் ஆண்டு விற்பனைச் சட்டம் எல்லாம் அதில் உண்டு.

நம் நாட்டில் 2007இல், அப்போதைய தலைமை நீதிபதி துன் அகமட் ஃபைருஸ், சுதந்திரம் பெற்று ஐம்பது ஆண்டாகியும் ஆங்கிலப் பொதுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டுமா என்று கேட்டார். வழக்கறிஞர் மன்றம் மறுத்தது. காரசாரமான விவாதம் நடந்தது. ஆங்கிலச் சட்டம் போனால் அந்த இடத்தில் எதை வைப்பது என்பதிலேயே பேச்சு சூடேறியது. இப்போது எது இருக்கிறது என்ற எளிய கேள்வி அந்தச் சூட்டில் எடுபடவில்லை.

அந்தக் கேள்வி ஏட்டுச் சுரைக்காய் அல்ல. கடல் காப்புறுதிக்கு மலேசியாவில் தனிச் சட்டம் இல்லை. 1906ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டமே துணை. கப்பலில் இன்ன கருவி இருக்கும் என்று காப்புறுதி எடுத்தவர் உறுதி கொடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நடுவழியில் அது இல்லாமல் போய், பிறகு சரிசெய்யப்பட்டு, அதற்கும் பிறகு கப்பல் மூழ்கினால்? 1906ஆம் ஆண்டு விதிப்படி உறுதி மீறப்பட்ட கணத்திலேயே நிறுவனத்தின் பொறுப்பு முடிந்தது. 2015இல் பிரிட்டன் இதைத் திருத்தியது. குறை இருக்கும் வரை மட்டும் பொறுப்பு நின்றிருக்கும். சரிசெய்ததும் திரும்ப வரும். இந்தத் திருத்தம் 2016 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. ஆக, 5ஆம் பிரிவின் சொற்களை அப்படியே படித்தால், போர்ட் கிள்ளான் வணிகருக்கு 1956இல் இருந்தபடியான விதி. பினாங்கு வணிகருக்கு இன்றைய திருத்தத்தோடு கூடிய விதி. ஒருவருக்குப் பணம் கிடைக்காது, மற்றவருக்குக் கிடைக்கலாம். பெரிய நிறுவனங்கள் எந்த நாட்டுச் சட்டம் செல்லும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்கின்றன. மாக் மண்டினில் பத்துப் பேரை வைத்துத் தொழில் செய்கிறவர், தரகர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போடுகிறார்.

அவர் தன் உரிமையைத் தேட நினைத்தால், குடியியல் சட்டம் நம் சட்டத்துறையின் இணையத்தளத்தில் கிடைக்கும். அதன் 67ஆம் எண் சட்டத்தில் 5ஆம் பிரிவைப் படிக்கலாம். அந்தப் பிரிவு சுட்டிக்காட்டும் சட்டத்தைப் படிக்க, பிரிட்டிஷ் அரசாங்கத்தின் இணையத்தளத்துக்குத்தான் போக வேண்டும்.